பிளாஸ்டிக் பிரிக்கில் ரயில் கட்டி ஓட்டுவது எப்படி: வளைவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு நவராத்திரிக்கும் மதுரை அரசரடியில் எங்கள் வீட்டுக் கொலுவைச் சுற்றி ஒரு ரயில் ஓடும். லெகோ மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிற பிளாஸ்டிக் பிரிக்கில் நானே கட்டியது. ஒரு என்ஜின், பின்னால் நாலு நீலப் பெட்டி. சுண்டலுக்கு வருகிற பிள்ளைகள் படியில் இருக்கும் பொம்மையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களைக் கூட்டி வந்த அப்பாக்களும் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இதை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு ஆகும், நாங்களும் கட்டலாமா என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கெல்லாம் துண்டுத் துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் என்ஜினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆசையாக ஒரு மாதம் உட்கார்ந்து என்ஜின் கட்டி, அப்புறம் பெட்டி கட்டி, கடைசியில் தண்டவாளம் வாங்கி வைத்தால் முதல் வளைவிலேயே தடம் புரளும். தண்டவாள வளைவு எவ்வளவு இறுக்கம் என்பதுதான் பெட்டியின் நீளம், அகலம், போகியின் (சக்கரங்களைத் தாங்கும் கீழ்ச் சட்டம்) இடம், பிளாட்பாரத்தின் தூரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி வளைவில் தொடங்குகிறது.

குமிழ்க் கணக்கு

பிரிக்கின் மேலே இருக்கிற குமிழை வைத்துத்தான் எல்லா அளவும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மி.மீ. ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ. தட்டையாக இருக்கிற பிளேட் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தக் கடைசிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியின் பக்கவாட்டில் வண்ணப் பட்டை போடும்போது இதுதான் கைகொடுக்கும்.

நேர்த் தண்டவாளத் துண்டு 16 குமிழ் நீளம், 12.8 செ.மீ. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே இருக்கும் ஸ்லீப்பர் கட்டையோடு சேர்த்து அகலம் 8 குமிழ். வளைவுத் துண்டு 16 சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தின் ஆரம் தண்டவாள நடுவிலிருந்து 40 குமிழ், 32 செ.மீ. இதைத்தான் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஆர்-40 என்கிறார்கள். ஸ்லீப்பர் வெளிவிளிம்பு வரை அளந்தால் வட்டம் 70.4 செ.மீ. இடம் பிடிக்கும். சின்ன டீப்பாய்க்கு அடியில்கூட அடங்கிவிடும் என்பது நல்ல விஷயம், நிஜ ரயிலோடு ஒப்பிட்டால் கொடூரமான இறுக்கம் என்பது கஷ்டமான விஷயம்.

லெகோ நிறுவனம் சாதாரண நகர ரயில் செட்டுகளில் தருவது இந்த ஆர்-40 வளைவுதான். வேறு சில நிறுவனங்கள் 56, 72, 88, 104 குமிழ் ஆரத்தில் இதோடு பொருந்தும் வளைவுகள் செய்கின்றன. 16, 16 ஆகக் கூடுவதைக் கவனியுங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைப் பாதை போட வசதியாக வைத்திருக்கிறார்கள். ஆர்-104 வளைவில் ரயில் போவதைப் பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு நிம்மதி, ஆனால் வட்டம் மட்டுமே 173 செ.மீ. ஆகிவிடும். மதுரையில் ஒரு சராசரி ஹாலில் சோபா, டிவி ஸ்டாண்டு போக மீதி இடத்தில் அது அடங்காது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஆர்-40தான், அதற்கேற்பக் கட்டக் கற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தரையை அளந்து பாதை போடுதல்

எங்கள் கொலுப்படி ஐந்தடி அகலம், நாலடி ஆழம். அதைச் சுற்றிவர ஒவ்வொரு மூலைக்கும் நாலு வளைவுத் துண்டாக 16 வளைவும், நீளப் பக்கத்துக்கு 9, குட்டைப் பக்கத்துக்கு 7 என்று இரு பக்கமும் சேர்த்து 32 நேர்த் துண்டும் வேண்டும். மொத்தம் சுமார் 186 செ.மீ.க்கு 160 செ.மீ. ஆகும். கொலுப்படியின் மூலை வளைவின் உள்பக்கத்தில் இடிக்காமல் இருக்க, படியின் விளிம்புக்கும் தண்டவாள நடுவுக்கும் குறைந்தது 13 செ.மீ. விட வேண்டும். படிக்குப் பின்னால் சுவரிலிருந்து முக்கால் அடி விட்டுவிட்டால் ரயில் தாராளமாகப் போகும். கொலு வைக்கும் முன்பே இந்த இடைவெளியை விட்டுவிடுங்கள். பொம்மையெல்லாம் ஏற்றிவிட்டுப் படியை நகர்த்தச் சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாதை போடும்போது இடது வளைவு முடிந்த கையோடு வலது வளைவு போடாதீர்கள். பெட்டியின் முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் எதிர்த் திசையிலும் இழுபட்டு, நடுவே பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் பிய்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி நீளமாவது, அதாவது இரண்டு நேர்த் துண்டாவது போடுங்கள். பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட் வைப்பதாக இருந்தால் அதன் நேர்ப்பாதை 32 குமிழ் நீளம் பிடிக்கும், கிளைப்பாதையை ஒரு வளைவுத் துண்டு போட்டு நேராக்கினால் இரண்டு பாதைகளின் நடுவே 16 குமிழ் தூரம் வரும். முதல் வருஷத்துக்குப் பாயிண்ட் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வட்டம் தடம் புரளாமல் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஜமுக்காளம் மேல் போடாதீர்கள். துண்டுகள் மெத்தையில் மிதக்கிற மாதிரி ஆகி, ஒவ்வொரு இணைப்பும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். வெறுந்தரைதான் சரி. ஆனால் பழைய வீடுகளில் தரையைக் கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ரயில் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் முக்கிக்கொண்டும் போகும்போதுதான் தெரியும். ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த பக்கத்தில் ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஒரு பிளேட்டோ இரண்டோ முட்டுக் கொடுத்தால் போதும்.

எதை வாங்குவது

லெகோ ரயிலுக்கு நீண்ட வரலாறு உண்டு, பழைய சரக்கு வாங்கும்போது அது தெரிந்திருக்க வேண்டும். 1966-இல் 4.5 வோல்ட் பேட்டரி ரயில் வந்தது. 1969-இல் நடுவில் தனி மின்கம்பியோடு 12 வோல்ட். 1991-இல் வந்த 9 வோல்ட் ரயிலில் தண்டவாளத்திலேயே உலோகம், அதன் வழியாகத்தான் மின்சாரம். 2006-இல் மறுபடி பேட்டரிக்கும் முழுப் பிளாஸ்டிக் தண்டவாளத்துக்கும் வந்துவிட்டார்கள். 2018-இலிருந்து இருப்பது பவர்டு-அப், புளூடூத்தில் ஓடுவது. இப்போதைய பேட்டரி ரயில் பழைய 9 வோல்ட் உலோகத் தண்டவாளத்தில் தாராளமாக ஓடும், ஆனால் 9 வோல்ட் மோட்டார் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் அசையாது, அதற்கு மின்சாரம் கிடைக்க வழியில்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய செட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் இதை முதலில் பாருங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சுலபமான வழி ஒரு முழு ரயில் செட். மோட்டார், ஹப் (பேட்டரிப் பெட்டி), ரிமோட், சக்கரம், கப்ளிங் காந்தம், ஒரு சுற்றுத் தண்டவாளம் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். அதை அப்படியே கட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள், பிறகு பிரித்து உங்கள் ரயிலைக் கட்டுங்கள். விலை அதிகம்தான். சக்கரம், மோட்டார், காந்தம் மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள், பெட்டியின் சுவருக்கும் கூரைக்கும் வேறு கம்பெனிப் பிரிக் போட்டால் ஒன்றும் ஆகாது என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயமான சமரசம். தண்டவாளமும் பொருந்துகிற வேறு கம்பெனியில் வாங்கலாம், ஆனால் ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் வாங்குங்கள். ஒருமுறை நான் இரண்டு இடத்தில் வாங்கிய வளைவுகளைக் கலந்து போட்டேன். பிடி இறுக்கம் ஒன்றுக்கொன்று வேறு, ஒரு இணைப்பில் நகம் அளவு இடைவெளி, அந்த ஒரே இடத்தில் மூன்றாவது பெட்டி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் விழுந்தது.

நம் ஊர் ரயிலுக்கு என்ன அளவு

இங்கே நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. லெகோ தண்டவாளத்தின் உள்அகலம் சுமார் 37.5 மி.மீ. ஐரோப்பிய ரயில் கட்டுகிறவர்களுக்கு அவர்களுடைய பாதை 1435 மி.மீ., அதனால் எட்டுக் குமிழ் அகலத்தில் பெட்டி கட்டினால் தண்டவாளம் பெட்டிக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று வருத்தப்படுவார்கள். நம்முடைய அகலப்பாதை 1676 மி.மீ. கணக்குப் போட்டால் 45-இல் ஒரு பங்கு வருகிறது. நம் ரயில்களில் பழகிய நீல வண்ண ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர், அதை 45-ஆல் வகுத்தால் 72 மி.மீ., சரியாக ஒன்பது குமிழ்! ஒன்பது என்பது ஒற்றைப்படை, நடுவில் கப்ளிங் வைப்பது தலைவலி, அதனால் எட்டில் கட்டுகிறோம். எட்டிலும்கூட நம் பெட்டி அந்தத் தண்டவாளத்தில் உட்காருகிற உட்காரல் பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும்.

இன்னொரு அழகும் உண்டு. மதுரை–போடி பாதை மீட்டர் கேஜாக இருந்து 2010 முடிவில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாகி, 2022-இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் மறுபடி ரயில் வந்தது. அந்தப் பழைய மீட்டர் கேஜ் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் போன ஞாபகம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கும். மீட்டர் கேஜ் பெட்டி அகலத்தில் அரை மீட்டர் குறைவு. எட்டுக் குமிழில் அகலப்பாதைப் பெட்டியும் ஆறு குமிழில் மீட்டர் கேஜ் பெட்டியும் கட்டி ஒரே பிளாட்பாரத்தின் இரு பக்கமும் நிறுத்தினால், பார்க்கிறவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பெட்டி கட்டுதல்

இப்போது வளைவு தன் வேலையைக் காட்டும். ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். எட்டுக் குமிழ் அகலத்துக்கு ஏற்றபடி கணக்கிட்டால் 53 குமிழ் நீளம் வர வேண்டும். அப்படிக் கட்டினால் என்ன ஆகும் என்று கட்டாமலே தெரிந்துகொள்ளலாம். நிஜப் பெட்டியில் இரு போகிகளின் மையத்துக்கும் நடுவே 14.78 மீட்டர், நம் அளவில் 36 குமிழ். அந்த 36-ஐ அதாலேயே பெருக்கி 320-ஆல் வகுங்கள். 4 வருகிறதா? ஆர்-40 வளைவில் பெட்டியின் வயிறு தண்டவாள நடுவிலிருந்து நாலு குமிழ் உள்பக்கம் தள்ளி நிற்கும், பாதிப் பெட்டி ஸ்லீப்பருக்கு வெளியே அந்தரத்தில்.

(320 எங்கிருந்து வந்தது என்றால், ஆரம் 40-ஐ எட்டால் பெருக்கியது. ஆர்-56 போட்டால் 448-ஆல் வகுக்க வேண்டும்.)

அதனால் நாம் சுருக்குகிறோம். நான் பல நீளம் கட்டிப் பார்த்து 32 குமிழ் பெட்டி, போகி மையங்களுக்கு நடுவே 20 குமிழ் என்பதில் நின்றுவிட்டேன். வயிறு விலகுவது 1.25 குமிழ். முனை வெளியே விலகுவதற்கு, பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து போகித் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து அதே 320-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 குமிழ். இரண்டும் சகிக்கக்கூடியது. சுருக்கும்போது கதவுகளையும் முனைகளையும் தொடாதீர்கள், நடு ஜன்னல்களில் பாதியை எடுத்துவிடுங்கள். கண் கதவையும் கூரை வளைவையும்தான் முதலில் பார்க்கிறது, ஜன்னலை யாரும் எண்ணுவதில்லை.

அடித்தளத்துக்கு இரண்டு அடுக்கு பிளேட். கொத்தனார் செங்கல் வைப்பது போலத்தான், கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே மேல் அடுக்கின் இணைப்பு வரக்கூடாது. ஒரே அடுக்கில் நிறுத்தினால் தூக்கும்போது நடுவில் தொய்ந்து, கொஞ்ச நாளில் வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கும்.

போகி என்று நான் சொல்வது சக்கரங்களைத் தாங்கும் கீழ்ச் சட்டத்தை. நம் ஊரில் பெட்டியையே போகி என்று சொல்லும் பழக்கம் இருப்பதால் இதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி, ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சு. போகி பெட்டியோடு சேருகிற இடத்தில் நடுவில் ஒரே ஒரு முளை, அதைச் சுற்றிக் குமிழ் இல்லாத வழவழப்பான டைல் போடுங்கள், குமிழ் மேல் குமிழ் உரசினால் போகி திரும்பாது. முளையில் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கட்டும். இறுக்கமாக வைத்தால் நாலு சக்கரமும் ஒரே தளத்தில்தான் நிற்கும், தண்டவாளத்தில் சின்ன மேடு வந்தாலே ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

சக்கரம் வாங்கும்போது உலோக அச்சு உள்ளதாகப் பாருங்கள். பிளாஸ்டிக் அச்சு பிளாஸ்டிக் துளையில் உரசிக்கொண்டே சுற்றும், நாலு பெட்டி சேர்ந்தால் மோட்டார் பாதிச் சக்தியை அந்த உரசலுக்கே கொடுத்துவிடும். கட்டி முடித்த ஒவ்வொரு பெட்டிக்கும் நான் செய்கிற சோதனை இது: மூன்று நேர்த் துண்டை இணைத்து, ஒரு முனைக்கு அடியில் ஒரு பிரிக் வையுங்கள். பெட்டி தானாக உருண்டால் அருமை. இரண்டு பிரிக் வைத்தபின் உருண்டால் பரவாயில்லை. மூன்று வேண்டியிருந்தால் அந்தப் போகியைக் கழற்றி எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் ரயிலில் சேர்க்காதீர்கள். எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள், தையல் மிஷின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ எதுவானாலும் நம் ஊர்ப் புழுதியைப் பிடித்து இரண்டே நாளில் பசையாகிவிடும்.

சுவரில், நீல ஐ.சி.எஃப். பெட்டிக்குக் கருநீலத்தில் ஜன்னல் பட்டை மட்டும் வெளிர்நீலம். இன்னும் பழைய காலம் வேண்டுமென்றால் முழுக்கச் செங்காவி. பட்டையின் உயரம் பிரிக் உயரத்துக்கு ஒத்து வராவிட்டால், பக்கவாட்டில் குமிழ் உள்ள பிரிக்கை வைத்து அதில் பிளேட்களைப் படுக்க வைத்து ஒட்டுங்கள், அப்போதுதான் நான் சொன்ன ஐந்து பிளேட், இரண்டு குமிழ் கணக்கு உதவும். ஸ்லீப்பர் பெட்டி ஜன்னலின் குறுக்குக் கம்பிக்கு, முகத்தில் வரிவரியாகப் பள்ளம் உள்ள ஒன்றுக்கு இரண்டு பிரிக் கறுப்பில் கிடைக்கும், இரண்டை மேலுக்கு மேல் வைத்தால் ஒரு ஜன்னல். கூரையைச் சாய்வுப் பிரிக்கில் வளைத்து, ஒரே துண்டாகக் கழற்றும்படி நாலு இடத்தில் மட்டும் பிடிக்க வையுங்கள்.

ஐ.சி.எஃப். என்பது பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை, அந்தப் பெயரில் வந்த பெட்டி வகையை 2018-இல் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக இப்போது வருவது ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. வகை. நீலப் பெட்டிகள் கண்ணில் படுவது குறைந்துகொண்டே போகிறது. அதனாலேயே நீலத்தைக் கட்டுங்கள் என்பேன். 1977 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் மதுரைக்காரர்களுக்கு வெறும் வண்டி இல்லை, அதன் பெயர்ப்பலகையை வெள்ளை டைலில் எழுதி ஒட்டியபோது எங்கள் வீட்டில் எல்லாரும் கை வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

என்ஜின்

ஹப் என்பது பேட்டரிப் பெட்டியும் புளூடூத்தும் சேர்ந்தது. எட்டுக்கு நாலு குமிழ் இடம் பிடிக்கும், ஆறு ட்ரிபிள்-ஏ பேட்டரி போகும். ரிமோட்டுக்கு இன்னும் நாலு. ஆறு குமிழ் அகல என்ஜினில் இரு சுவர் போக உள்ளே சரியாக நாலு குமிழ்தான் மிச்சம், அதனால் ஹப் சுவரோடு சுவராக உட்காரும். எட்டு குமிழில் தாராளம். முதலில் ஹப்பையும் மோட்டாரையும் அடித்தளத்தில் வைத்துவிட்டு, அவற்றைச் சுற்றி என்ஜினைக் கட்டுங்கள். ஹப்பை மோட்டாருக்கு நேர் மேலே அல்லது முடிந்தவரை அருகில் வையுங்கள், பேட்டரியின் எடை சக்கரத்தை அழுத்தினால்தான் பிடிப்பு. எடை போதாமல் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுவதைப் பார்த்துவிட்டு மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

கூரையைத் தூக்கினால் ஹப் அப்படியே கையோடு வர வேண்டும், அதன் பச்சைப் பொத்தானுக்கு விரல் எட்ட வேண்டும். ஹப்பிலும் ரிமோட்டிலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம் கூட்டல் குறி ஒவ்வொரு முறைக்கும் வேகத்தை ஒரு படி ஏற்றும், சிவப்பு நிறுத்தும்.

டபிள்யூ.ஏ.பி.-7 கட்ட ஆசைப்படுவீர்கள், வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டையோடு பார்க்க லட்சணமான என்ஜின். அதற்கு ஒரு போகிக்கு மூன்று அச்சு. லெகோ மோட்டாரில் இரண்டு அச்சுதான். மூன்றாவதையும் தண்டவாளத்தில் இறக்கினால் ஆர்-40 வளைவில் கண்டிப்பாக மாட்டும். மூன்றாவது அச்சை ஒரு பிளேட் உயரத்துக்குத் தூக்கி, தொடாமல் தொங்கவிட்டு, பக்கச் சட்டத்தை மட்டும் மூன்று அச்சுக்குத் தெரிகிற மாதிரி அலங்கரித்துவிடுங்கள்.

இரண்டு மோட்டார் போடும்போது எதிரெதிராகப் பார்க்க வைத்துவிட்டால், ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இழுத்து ரயில் நின்ற இடத்தில் உறுமும். ஒரு மோட்டாரை மட்டும் அரை வட்டம் திருப்பி வைத்தால் திசை மாறிவிடும், வயரையோ செல்போன் ஆப்பையோ தொட வேண்டியதில்லை. எட்டு குமிழ் அகலத்தில் நாலு பெட்டி வரை ஒரு மோட்டார் எனக்குப் போதுமாக இருக்கிறது, அதற்கு மேல் இரண்டு.

ஓட்டம்

கனமான பெட்டி முன்னால், லேசானது பின்னால். மாற்றி வைத்தால் வளைவில் பின்னால் இருக்கும் எடை, நடுவில் உள்ள லேசான பெட்டியை உள்பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும். காந்தக் கப்ளிங் பிரிவதும் பெரும்பாலும் என்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில்தான், மொத்தப் பாரமும் அந்த ஒரு காந்தத்தில். எடுத்த எடுப்பில் வேகம் கொடுக்காமல் ஒவ்வொரு படியாக ஏற்றினால் பிரியாது. பிளாட்பாரத்தை நேர்ப் பாதையில் தண்டவாள நடுவிலிருந்து ஐந்து குமிழ் தள்ளி வைக்கலாம், வளைவு தொடங்கும் இடத்துக்கு அருகே ஏழு.

போன வருஷம் கொலுவின் ஆறாம் நாள் ரயில் திடீரென்று தளர்ந்தது. பேட்டரி புதிது. தண்டவாளத்தைத் துடைத்தேன், காந்தத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்த அக்கா மகள்தான் கேட்டாள்: "மாமா, ரெண்டாவது பெட்டியில பின் சக்கரம் மட்டும் சுத்தவே இல்ல, வழுக்கிட்டுப் போகுது, பாத்தீங்களா?" பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அச்சில் வாழைநார். மல்லிகைச் சரம் கட்டிய நார். கொலுவுக்கு வந்தவர்களின் தலையிலிருந்து உதிர்ந்த பூவோடு தரையில் கிடந்தது, சக்கரம் அதைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நூல்கண்டு போல இறுக்கிவிட்டிருந்தது. ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக எடுக்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம் ரயில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் ஓட்டும் முன் பாதை நெடுக ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் பெருக்கிவிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்து அச்சைப் பார்த்துவிடுகிறேன். தலைமுடியும் இதே வேலையைச் செய்யும். ரயில் தளர்ந்தால் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் அச்சைப் பாருங்கள்.

மேடு, பாலம்

ஏற்றம் வைக்க ஆசை வரும், கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நேர்த் துண்டுக்கு ஒரு பிளேட் உயர்த்தினால் 40-க்கு 1 ஏற்றம், இதை நல்ல என்ஜின் ஏறும். ஒரு பாதையின் அடியில் இன்னொரு ரயில் போக 11 பிரிக் உயரமாவது வேண்டும், 33 பிளேட், ஆக 33 நேர்த் துண்டு, நாலேகால் மீட்டர். இறங்க இன்னொரு நாலேகால். ஊட்டி மலை ரயில் 12-க்கு 1 ஏறுகிறதே என்றால், அது நடுவில் பல்சட்டம் போட்டு ஏறுகிறது, வெறும் சக்கரப் பிடிப்பில் இல்லை. வீட்டு ஹாலுக்குச் சமதரைதான் நல்லது.

சமதரையிலேயே பாலம் கட்டலாம். பாம்பன் பழைய பாலம் 1914-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நம் அளவில் அதை முழுசாகக் கட்டினால் 41 மீட்டர் ஆகும், அதனால் தூக்குப் பகுதியும் இரு பக்கமும் நாலைந்து கண்ணும் போதும். இரண்டு கைகளாகப் பிளந்து மேலே எழும் பழைய பாலத்தைவிட, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குப் பகுதி பிரிக்கில் கட்டச் சுலபம். இரு முனையிலும் கோபுரம், நடுவில் ஒரு நேர்த் துண்டு செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும், கோபுர உச்சிக் கப்பியில் நூல் போட்டு மறுமுனையில் எடைக்குப் பழைய பேட்டரியைக் கட்டினால் ஒரு விரலால் தூக்கலாம்.

பேட்டரி, தூசி, எடுத்து வைத்தல்

ஒன்பது நாளும் ஓட்டுவதானால் ரீசார்ஜ் பேட்டரி வாங்கிவிடுங்கள், இரண்டு செட். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் ஆறுக்கு 7.2 வோல்ட்தான் வரும், சாதாரண பேட்டரியின் 9 வோல்ட்டைவிட ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆர்-40 வளைவுக்கு அந்த வேகமே அளவு. விசேஷம் முடிந்ததும் ஹப்பிலிருந்தும் ரிமோட்டிலிருந்தும் பேட்டரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், கசிந்தால் ஹப் போச்சு.

பிரிக்குகளை 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் கழுவச் சொல்கிறது லெகோ நிறுவனம். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே மதியத்தில் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும், அதனால் விடியற்காலையில் பிடித்த தண்ணீரில், துளி சோப்புப் போட்டு, ஹப், மோட்டார், உலோக அச்சுச் சக்கரம் மூன்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கழுவுங்கள். நிழலில் உலர்த்துங்கள். ஜன்னலோர வெயிலில் வைத்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும், டபிள்யூ.ஏ.பி.-7 கட்டியவர்களுக்கு அது பெரிய வருத்தம்.

தண்டவாளத்தைப் பிரிக்கும்போது இரண்டு துண்டையும் நேராகப் பிடித்து இழுங்கள், மடக்கினால் நாக்கு ஒடியும். வளைவு தனியாக, நேர்த் துண்டு தனியாக, எத்தனை என்று மேலே எழுதி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பெட்டிகளை மட்டும் பிரிக்காமல், ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, சக்கரத்தில் நிற்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்து எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது கொலுப் பொம்மைப் பெட்டியிலேயே, மரப்பாச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.